சிங்கத்துக்குச் சோறு போட்டால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. செங்கல்பட்டு போகும் மின்சார ரயில். கால் வைக்க இடமில்லை. வண்டலூர் வந்ததும் பெட்டி பாதி காலி! குடும்பம் குடும்பமாக இறங்குகிறார்கள். கையில் புளிசாதப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், தோளில் தூங்கும் குழந்தை. எல்லோரும் போவது ஒரே இடத்துக்கு. மிருகக்காட்சி சாலை!

என் பக்கத்தில் நின்று வந்தவர் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி. இறங்கிய கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி போட்டார்.

"சார், சினிமாக்காரங்க புலியைத் தத்து எடுக்காங்களாமே? பேப்பர்ல போடுதீங்க. மனுசப் பிள்ளைக்குச் சோறில்லாம எத்தனை வீடு கெடக்கு? புலிக்கு எதுக்கு சார் தருமம்?"

நியாயமான கேள்வி. ரயிலில் பதில் சொல்ல நேரமில்லை. கூடுவாஞ்சேரியில் அவர் இறங்கிவிட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். சென்னையில் மிருகக்காட்சி சாலை பிறந்ததே தருமத்தால்தான்!

எழும்பூர் மியூசியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற வெள்ளைக்கார டாக்டர். செத்த மிருகத்தைப் பாடம் பண்ணி வைத்தால் வருவதைவிட, உயிரோடு ஒரு மிருகம் நின்றால் ஜனங்கள் அலைமோதுகிறார்கள் என்று கண்டுகொண்டார். ஆற்காடு நவாப்பிடம் போய்ப் பேசினார். நவாப் தன் அரண்மனையில் வளர்த்த மிருகங்களை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார். 1855-ல் மியூசியம் வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை தொடங்கியது. 1863-ல் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது.

நம் ஜனங்கள் இரண்டுக்கும் பெயர் வைத்தார்கள் பாருங்கள். மியூசியம் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. படித்தவன் இந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வைத்த பெயரில்தான் விஷயம் இருக்கிறது. அது வெறும் வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. காலேஜ்! படிக்கிற இடம்!

சின்னப் பையனாக நானும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூர் மார்க்கெட் வழியாக அந்த உயிர் காலேஜுக்குப் போனவன்தான். கையில் இருந்த வேர்க்கடலையைக் குரங்குக் கூண்டுக்குள் வீசினேன். அது கையேந்தி வாங்கித் தின்றது. பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை! கூண்டு எவ்வளவு சின்னது, சுற்றிலும் எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் அந்த வயதில் எங்கே தெரிகிறது?

நகரம் நெருக்கியது. 1979-ல் வண்டலூர் காட்டில் வேலை தொடங்கியது. 1985 ஜூலை 24-ந்தேதி அப்போதைய முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். கம்பிக் கூண்டுக்குப் பதில் அகழி, மரம், மண்தரை. இன்று சுமார் 600 ஹெக்டேர். ஓட்டேரி ஏரி உள்ளேயே இருக்கிறது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் திறந்த பஸ் நிலையம் கூப்பிடு தூரம். ஆக, பக்கத்தில் வந்துவிட்டது. பார்க்கத்தான் போகிறோம். கொடுக்கப் போகிறோமா?

தத்து என்றால் என்ன?

தத்து எடுத்தால் புலிக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து பால் ஊற்றலாம் என்று நினைத்துவிட வேண்டாம்! மிருகம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் தீனிச் செலவை நாம் ஏற்றுக்கொள்கிறோம். அவ்வளவுதான். வசதிக்குத் தகுந்தபடி நாள் கணக்கிலும் எடுக்கலாம், மாதக் கணக்கிலும் எடுக்கலாம். புலிக்கும் யானைக்கும் ஆகும் செலவு கிளிக்கு ஆகாது.

2018-ல் நடிகர் சிவகார்த்திகேயன் அனு என்ற வெள்ளைப் புலியைத் தத்து எடுத்தார். அடுத்த வருஷம் விஜய் சேதுபதி ஆதித்யா, ஆர்த்தி என்ற இரண்டு புலிகளுக்காக 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். படத்தோடு பத்திரிகைகளில் வந்தது. நல்ல காரியம். யாரும் குறை சொல்ல முடியாது.

கிளார்க் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு காதுகடி. இந்தப் பணத்துக்கு வருமான வரி 80-ஜி சலுகை உண்டு. ஆனால் நீங்கள் புதிய வரி முறைக்கு மாறியிருந்தால் அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது. ரசீதைப் பத்திரமாக மடித்து வைத்து மார்ச் மாதம் ஆபீசில் நீட்டி ஏமாற வேண்டாம்!

சரி, சோறு போட்டாயிற்று. அதோடு கடமை தீர்ந்ததா? இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம்.

நீலாவுக்கு என்ன ஆயிற்று?

2021 ஜூன். ஊரே கொரோனா பயத்தில் கதவடைத்துக் கிடந்த நேரம். வண்டலூர் பூங்காவும் மூடிக் கிடந்தது. டிக்கெட் வருமானம் சுத்தமாக நின்றுபோனது. மிருகங்களின் வயிறு நிற்குமா?

அந்த நேரத்தில் சிங்கங்கள் இருமின. சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போயின. ஜூன் 3-ந்தேதி நீலா என்ற 9 வயது பெண் சிங்கம் செத்துப்போனது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் 12 வயது ஆண் சிங்கம் ஒன்றும் போய்விட்டது.

கறி இல்லாமல் சாகவில்லை. கறி இருந்தது. தின்னத்தான் தெம்பில்லை!

11 சிங்கங்களின் சளி மாதிரி போபாலில் உள்ள ஆய்வுக்கூடத்துக்குப் போனது. 9 சிங்கத்துக்குக் கொரோனா என்று பதில் வந்தது. கிருமியின் மரபுக் குறியீட்டைப் பார்த்தபோது, அந்தச் சமயம் ஊரில் மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்த அதே டெல்டா வகை! டாக்டர்கள் ராத்திரி பகலாக வைத்தியம் பார்த்தார்கள். மற்ற சிங்கங்கள் தேறின.

இப்போது சொல்லுங்கள். அந்தச் சிங்கங்களைக் காப்பாற்றியது எது? கறிக்கடைக்காரரின் பில்லா? பரிசோதனைக் குழாயா? இரண்டும்தான். ஆனால் தருமம் செய்கிறவர்கள் எல்லோரும் கறிக்கு மட்டும் கொடுக்கிறார்கள். ஏன்? கூண்டுக்கு முன்னால் பெயர்ப் பலகை நிற்கும். போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கிக் கொடுத்தால் யார் அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்?

கோவிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிச்சமே தெரியாத அளவுக்கு அதில் பெயர் எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கேயும் அது வந்து சேர்ந்துவிட்டது.

வெள்ளைப் புலி மோகம்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில பேருக்குக் கோபம் வரலாம்.

எல்லோருக்கும் வெள்ளைப் புலி மீதுதான் ஆசை. அது தனி ஜாதி என்று நினைக்கிறார்கள். இல்லவே இல்லை! சாதாரணப் புலிக்கு எப்போதாவது நிறம் மாறிப் பிறப்பதுதான் வெள்ளைப் புலி. 1951-ல் மத்தியப்பிரதேசத்து ரேவா மகாராஜா காட்டில் ஒரு வெள்ளைக் குட்டியைப் பிடித்தார். மோகன் என்று பெயர் வைத்தார். அதற்கு ஜோடி சேர்த்ததில் வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அதன் மகளையே அதோடு சேர்த்தார்கள்! அப்புறம் 1958-ல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலகம் முழுக்க மிருகக்காட்சி சாலைகளில் உலவும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான்.

ஒரே கோத்திரத்தில் பெண் எடுக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எதற்குச் சொன்னார்கள்? நெருங்கிய ரத்தம் கலந்தால் பிறக்கிற குட்டிக்கு மாறுகண், வளைந்த முதுகு என்று ஏதாவது ஒன்று வரும். வெள்ளைப் புலிக்கு அந்தத் தொல்லை அதிகம். அதை வளர்ப்பதால் காட்டில் ஒரு புலி கூடப் போவதில்லை. இருக்கிற மிருகத்தைப் பட்டினி போடச் சொல்லவில்லை. அதுவும் உயிர்தான். அன்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் 'இனத்தைக் காப்பாற்றக் கொடுக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு அதற்கு மட்டும் கொடுப்பது சரியில்லை.

அப்படியானால் யாருக்குக் கொடுப்பது? அதே வண்டலூரில் சோலைமந்தி இருக்கிறது. சிங்கவால் குரங்கு என்பார்கள். கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மலைக்காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் காட்டில் காலம் தள்ளுகிறது. அழிந்துவரும் இனம் என்று உலகப் பட்டியலில் இருக்கிறது.

இந்த இனத்தை மிருகக்காட்சி சாலைகளில் முறையாகப் பெருக்கும் திட்டத்தில் வண்டலூருக்கு முக்கியப் பொறுப்பு. எந்தக் குரங்குக்கு எது அப்பா, எது அம்மா, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று வம்சாவளி நோட்டு வைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணத் தரகர் ஜாதகக் கட்டு வைத்திருப்பாரே, அதே மாதிரி! ஒரு துளி ரத்தம், ஒரு மயிர்க்கால் எடுத்து மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும். இதற்கெல்லாம் செலவு உண்டு. வண்டலூரிலேயே வனத்துறையின் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது. ஆராய்ச்சிக்காகவே உள்ள இடம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அண்ணாச்சியின் கேள்விக்கு

'மனுசப் பிள்ளைக்கு இல்லாத தருமமா?' என்றாரே, அதற்கு வருகிறேன்.

திருக்கழுக்குன்றம் போயிருப்பீர்கள். வண்டலூரில் இருந்து அதிக தூரம் இல்லை. மலை மேல் பண்டாரம் சர்க்கரைப் பொங்கலை வைத்துக் காத்திருப்பார். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து கொத்திவிட்டுப் போகும். அதைப் பார்க்க அத்தனை கூட்டம். அப்போது யாராவது 'கழுகுக்கு எதுக்கு பொங்கல்?' என்று கேட்டார்களா? இல்லை. 1990-களுக்குப் பிறகு அந்தக் கழுகுகள் வருவதில்லை.

அதே சமயத்தில் நாடு முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் போய்விட்டது. காரணம் 2004-ல் தெரிந்தது. மாட்டுக்குப் போடும் டைக்குளோஃபினாக் என்ற வலி மருந்து! செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. 2006-ல் மாட்டுக்கு அதைப் போடுவதற்குத் தடை வந்தது.

தடை போட்டால் விவசாயி மாட்டுக்கு வேறு என்ன போடுவான்? மெலாக்சிகாம் என்ற மருந்து கழுகை ஒன்றும் செய்யாது என்று தெரிந்தது எப்படி? மனிதர் பராமரிப்பில் இருந்த கழுகுகளை வைத்துப் பார்த்துத்தான்! அரியானாவில் பிஞ்சோரில் கழுகுகளை வளர்த்துப் பெருக்கும் மையம் வைத்தார்கள். கழுகு இல்லாத ஊரில் செத்த மாடு நாறும். நாய் பெருகும். வெறிநாய்க்கடி வரும். அது யாருக்கு வரும்? மனுசப் பிள்ளைக்குத்தான், அண்ணாச்சி!

இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமா? பாம்பு!

மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் 1976-ல் தொடங்கியது. நாட்டில் முதலைகள் தோலுக்காகச் சுடப்பட்டு ஒழிந்துகொண்டிருந்த நேரம். சில டஜன் முதலைகளோடு ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கில் பெருகின. பல மாநிலங்களுக்கு அனுப்பினார்கள்.

அதே வளாகத்தில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் வந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் பிடித்து வந்து, விஷம் எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசிக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பங்கு இங்கிருந்துதான் போகிறது. 2000-ல் இருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வருஷத்துக்குச் சராசரி 58 ஆயிரம்! பெரும்பாலும் வயலில் வேலை செய்கிறவர்கள். இந்தச் சாவைக் குறைப்பதற்கான வேலையையும் முதலைப் பண்ணையின் ஆட்கள் பார்க்கிறார்கள்.

அந்தப் பண்ணை அரசாங்கத்துடையது இல்லை. டிரஸ்ட் நடத்துகிறது. டிக்கெட் காசும் நன்கொடையும்தான் ஆதாரம். 2020-ல் கொரோனா ஊரடங்கில் கேட்டை மூடியபோது பணத்துக்குத் திண்டாடிப் பொதுமக்களிடம் கையேந்தினார்கள். கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். முதலைக்கு யார் படம் எடுத்துப் போடுவார்கள்? அழகாகவா இருக்கிறது!

கேள்வி கேட்டுக் கொடுங்கள்

கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்லவில்லை. காசு எங்கே போகிறது என்று கேட்பதற்குக் கொடுப்பவனுக்கு உரிமை உண்டு. எத்தனை மிருகம் இருக்கிறது, எத்தனை பிறந்தது, எத்தனை செத்தது என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கு ஒவ்வொரு பூங்காவும் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஆணையம் 1992-ல் வந்தது. ஆண்டறிக்கையைப் பாருங்கள். புரியவில்லை என்றால் கேளுங்கள்.

'இனப்பெருக்கம் செய்கிறோம்' என்று யாராவது சொன்னால், 'பிறந்ததை எங்கே விடுவீர்கள்?' என்று கேளுங்கள். முதலைப் பண்ணைக்கே இந்தச் சிக்கல் வந்தது. முதலை பெருகிவிட்டது. விடுவதற்கு ஆறு இல்லை! 1,000 முதலைகளைக் குஜராத்தில் ஜாம்நகருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். எதிர்த்துப் போட்ட வழக்கை 2022-ல் சென்னை ஐகோர்ட் தள்ளுபடி செய்தது. காட்டையும் ஆற்றையும் காப்பாற்றாமல் கூண்டில் மட்டும் பெருக்கினால் இதுதான் கதி.

மிருகத்தை அடைத்து வைப்பதே பாவம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. வேடிக்கை காட்டுவதற்காக மட்டும் அடைத்து வைத்திருக்கும் இடத்துக்குக் காலணா கொடுக்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் சர்க்கஸ் சிங்கங்கள் கதை தெரியுமா? சர்க்கஸில் சிங்கம், புலி கூடாது என்ற உத்தரவை 2001-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. சவுக்கடி பட்டு, நெருப்பு வளையம் தாண்டிக் கிழடு தட்டிய மிருகங்களை எங்கே விடுவது? காட்டில் விட்டால் வேட்டையாடத் தெரியாது. வண்டலூர் மறுவாழ்வு மையத்தில்தான் பல மிருகங்கள் கடைசிக் காலத்தை ஓட்டின. பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு இந்த அருமை புரியும்!

'அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்' என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. புயல் வந்தால் எல்லோரும் பார்த்தோம். 2016 டிசம்பர் வர்தா புயலில் வண்டலூரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மரத்தை நடலாம். நிழலுக்கு எத்தனை வருஷம்?

இன்னும் ஒன்றே ஒன்று. கொடுக்க முடியாதவர்கள் வருந்த வேண்டாம். கூண்டுக்குள் பிஸ்கட்டும் கடலையும் வீசாமல் இருந்தாலே பெரிய உபகாரம். நான் செய்த புண்ணியம் போதும்! மான் பிளாஸ்டிக் பையைத் தின்றால் அது வயிற்றில் பந்தாகச் சுருண்டு நிற்கும். டாக்டர் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். அந்தச் செலவுக்கும் யாராவது தருமம் செய்தாக வேண்டும்.

நேற்று கடைக்குப் போனபோது அண்ணாச்சியிடம் இதில் பாதியைச் சொன்னேன். பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டார். கல்லாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அந்தக் குஞ்சம் வச்ச குரங்குக்கு ஒரு மாசத்துக்கு என்ன சார் ஆவும்?"

"போய்க் கேட்டாத்தான் தெரியும், அண்ணாச்சி."

"செவ்வாக்கிழமை கடை யாவாரம் கொஞ்சம் டல்லு. அன்னைக்குப் போயிட்டு வந்துருதேன். ஆராய்ச்சிக்குக் குடுத்தா ரசீது தருவாங்களான்னும் கேட்டுப்புடுதேன்."

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு லீவு. புதன்கிழமை போகச் சொல்லியிருக்கிறேன்.